உட்கார்ந்திருந்த குடும்பம்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. சாப்பாட்டு மேசையானாலும் சரி, கல்யாண வரவேற்பானாலும் சரி. இதை நான் சட்டமாகப் போட்டதில்லை. நான் நீதிபதியாக இருந்தவன். நீதிமன்றத்தில் நான் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அந்தப் பழக்கம் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் தங்கிவிட்டது. குடும்பம் என்றால் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதால் நானும் அதைக் கலைக்கவில்லை.

அந்த ஒழுங்கோடு ஒரு ராக் கச்சேரிக்குப் போய் வந்தோம்.

நானாகப் போகவில்லை. என் மகள் தானே தேடிக்கொண்ட கணவர் கச்சேரிகளுக்கு விளக்கு அமைப்பவர். ஒரு விருந்தில் உறவுக்காரர் ஒருவர், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார். “பல்பு மாட்டறார்” என்று சொல்லிவிட்டேன். மகளின் கணவர், கையில் தட்டோடு, என் பின்னால்தான் நின்றிருக்கிறார். தட்டை வைத்துவிட்டு வெளியே போனவர், அதன்பின் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் மட்டும் தனியாக வந்து போய்க்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம்ப்பா. அவர் என்ன வேலை பாக்கறார்னு ஒரு தடவை வந்து பாருங்க. அதுக்கும் மாட்டேன்னா, நானும் இனிமே இங்க வரப்போறதில்ல.”

கடைசி வாய்ப்பு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. என் மனைவி டிக்கெட்டுகளை எடுத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அப்படியென்றால் போகிறோம் என்று அர்த்தம்.

நான், மனைவி, மகள், மகன், என் மைத்துனர் என்று ஐந்து பேர். மைத்துனர் என் மனைவியின் தம்பி, பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், எதிராளி பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியம் அவருக்கு உண்டு. நான் கோட்டும் டையுமாகக் காரில் ஏறியதைப் பார்த்துவிட்டு, “அத்தான், பாடறவனுக்கு எத்தனை வருஷம் குடுக்கறதா உத்தேசம்?” என்றார்.

ஸ்டேடியம் வாசலில் என்னைக் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். தடவிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டுவதுபோல மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டினார்கள். மடக்குக் குடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியாக, என் தண்ணீர் பாட்டிலை வாங்கி, அதன் மூடியை மட்டும் திருகி எடுத்து ஒரு தொட்டியில் போட்டுவிட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார் காவலாளி. மூடியோடு இருந்தால் மேடை மேல் எறிவார்களாம். என்னைப் பார்த்தால் எறிகிற ஆள் மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் சார் என்றார். வாழ்நாள் முழுவதும் நான் சொன்ன வாக்கியம். மூடியில்லாத பாட்டிலை நேராகப் பிடித்தபடி படியேறினேன். கீழே வைக்க இடமில்லை. வைத்தால் யாராவது உதைப்பார்கள்.

படிகள் முடியவே இல்லை. மேடைக்கு எதிரே, கூரைக்குச் சற்றுக் கீழே எங்கள் வரிசை. அங்கிருந்து பார்த்தால் மேடை ஒரு தீப்பெட்டி அளவு. மேடைக்குப் பக்கத்திலேயே இடம் இருந்ததை வரும் வழியில் பார்த்தேன். வேண்டுமென்றே நம்மை மொட்டைமாடியில் ஏற்றியிருக்கிறார், பழிவாங்குகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். மகள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது.

“இந்த இடத்தை அவரே வந்து உக்காந்து பாத்துட்டுத்தான் எடுத்தார்” என்றாள். மைதானத்தின் நடுவில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பரணைக் காட்டினாள். அதன் மேல்தான் அவர் நின்று விளக்குகளை இயக்குவாராம். நடுவில் ஒரு பாட்டு வரும்போது மைதானமே ஏரியாகிவிடுமாம். அது இங்கிருந்துதான் தெரியுமாம். பாட்டுப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, ஏரியை மட்டும் பார்க்கச் சொன்னாராம்.

விளக்குகள் அணைந்தன. ஒரு முழக்கம் கேட்டது. என் நெஞ்சுக்குள் யாரோ மேசையை இழுப்பதுபோல இருந்தது. மனைவி கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து என் இரண்டு காதிலும் வைத்தாள். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது.

நான் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? டிக்கெட்டில் இருக்கை எண் போட்டிருக்கிறார்கள். கிடார் வைத்திருக்கிற ஒருவர் மேடையேறினார் என்பதற்காக நான் எழுந்து நிற்பதாவது. கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் உட்காருவார்கள் என்று நினைத்தேன். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது முடிந்தது. யாரும் உட்காரவில்லை.

நான் உட்கார்ந்திருந்ததால் மனைவியும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். எதிலும் அடங்காத மைத்துனர்கூட இந்த ஒரு விஷயத்தில் அக்காவுக்குப் பயந்தவர். அவரும் உட்கார்ந்திருந்தார். மகள் பாதி எழுந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். வளர்த்த வளர்ப்பு. எங்களுக்கு முன்னால் இடுப்புகளும் பெல்ட்டுகளும்தான் தெரிந்தன. மேடை தெரியவில்லை, மைதானம் தெரியவில்லை.

மனைவி என் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள். “ஏரி எப்ப வரும்னு தெரியாது. நீங்க எழுந்தாத்தான் நாங்க எழுந்திருக்க முடியும்.”

எழுந்திருங்கள், நான் தடுக்கவில்லையே என்றேன். அவள் அசையவில்லை. பஞ்சைத் திரும்ப என் காதில் வைத்தாள், கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் இல்லை. முன்னால் குதித்துக்கொண்டிருந்தவனின் முதுகுப்பை மேல்.

அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாட்டு நின்றிருந்தது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி எங்களைப் பார்த்து விலகினார்கள். அந்த இடைவெளியில் மேடையின் பெரிய திரை தெரிந்தது. திரை முழுக்க நாங்கள். ஆயிரக்கணக்கானோர் நிற்கும் இடத்தில் ஓட்டைப் பல் மாதிரி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் கோட்டும் டையுமாக நான், இரண்டு காதிலும் பஞ்சு, கையில் மூடியில்லாத பாட்டில்.

பாடகர் ஒலிபெருக்கியில் பேசினார். “மேல உக்காந்திருக்கற ஐயா, எங்க மேல ஏதாவது கோவமா?”

ஸ்டேடியமே சிரித்தது. மைத்துனரும் சிரித்தார். நான் இத்தனை வருடம் கட்டிக்காத்த குடும்ப மரியாதை ஒரு திரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இனி ஒரு நிமிடம் இங்கே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். எழுந்தேன்.

கிளம்பத்தான் எழுந்தேன். இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் நான் எழுந்ததும் மற்ற நால்வரும் ஒரே அசைவில் எழுந்தார்கள். திரையில் அதைப் பார்த்த கூட்டம், மேடைக்கு மரியாதை செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டது. ஊரே கைதட்டியது. பாடகர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். “வாங்க போகலாம்” என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. உடனே எல்லா விளக்குகளும் அணைந்தன. இருட்டில் அந்தப் படிகளில் எப்படி இறங்குவது?

நின்றேன்.

முதலில் மைதானத்தில் புகை படர்ந்தது. பிறகு பரணிலிருந்து மெல்லிய பச்சை ஒளி, தகடு மாதிரி, கீழே நின்றவர்களின் தலைக்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில் விரிந்தது. கரையிலிருந்து கரை வரைக்கும் போனது. புகை அதில் அலையாக அசைந்தது. மைதானத்தில் ஆள் யாரையும் காணோம், தண்ணீர்தான் இருந்தது. பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. இன்னொன்று. ஆயிரக்கணக்கான கைகள், மணிக்கட்டுவரை நனைந்து எழுந்ததுபோல. பாடகர் என்ன பாடினார் என்று எனக்குத் தெரியாது. காதில் பஞ்சு இருந்தது. மனைவி என் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏரி வற்றிய பிறகும் நாங்கள் உட்காரவில்லை. எழுந்த வேகத்தில் பாட்டில் தண்ணீர் முழுவதும் என் இருக்கையில் கொட்டியிருந்தது. அதனால்தான் கடைசிவரை நின்றேன். மைத்துனர் இதற்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்ப வேண்டாம்.

முடிந்ததும் மகள் எங்களைக் கீழே அழைத்துப்போனாள். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் வந்து நின்றார். கறுப்புச் சட்டை, இடுப்பில் ஒட்டுநாடாச் சுருள், கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் முன் நின்ற பலர் தீர்ப்புக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள்.

மூடியைப் பற்றிச் சொன்னேன். குடையைப் பற்றிச் சொன்னேன். திரையில் எங்களைக் காட்டியது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன்.

“கேமரா என் கையில இல்ல, மாமா. லைட் மட்டும்தான்.”

“லைட்டையும் பாத்தேன். ஏரி வந்தப்ப இடது பக்க மூலையில ஒரு துண்டு கொஞ்சம் தாமதமா வந்துது. கரை உடைஞ்ச மாதிரி இருந்துது.”

அவர் கைகள் முன்னால் வந்தன. மகளைப் பார்த்தார், பிறகு என்னை.

“ஆமா மாமா. ஒரு லைட் திரும்பாம சிக்கிக்கிச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.”

“எனக்குத் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து விளக்கம் சொல்லணும், மாப்பிள்ளை. மதியச் சாப்பாட்டுக்கு.”

மைத்துனர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் மனைவி அவர் காலை மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். கழுவிய கையோடு என் எதிரே உட்கார்ந்தார். உப்பு டப்பா, டம்ளர், தட்டு எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி, எந்த விளக்கு எங்கே சிக்கிக்கொண்டது என்று காட்டினார். பாதி புரிந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோர் தட்டும் காய்ந்துவிட்டது. மகன் கடிகாரத்தைப் பார்த்தான். மைத்துனர் நெளிந்தார். மாப்பிள்ளைக்கு எங்கள் வழக்கம் தெரியும். அவரும் எழுந்திருக்கவில்லை.

நான் எழுந்தால் அவர் கிளம்பிவிடுவார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.