எலுமிச்சம்பழம் உருண்ட பக்கம்

சனிக்கிழமை மதியம் சென்னப்பன் பட்டறைக்கு, மரத்தரையில் உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் பந்து ஒன்று வந்து இறங்கியது. கருநீலம், நடுவில் பொன் சுழி, இன்னும் விரல் நுழைக்கும் ஓட்டை போடாத கன்னிப் பந்து. கொண்டுவந்தவள் சுவாதி. ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்காரர் மகள், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை.

"நாளைக்குக் காலைல பெங்களூர்ல செலக்சன் அண்ணா. பழைய பந்து விரிசல் உட்டுடுச்சு. எப்பவும் ஓட்ட போடறவரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"யாரு கல்யாணம்?"

"அவரோடதுதான்."

"அப்ப மன்னிக்கலாம்."

சென்னப்பன் பெங்களூர்க் கடைகளுக்காக இதுவரை பதினோரு பந்து துளைத்தவர். பன்னிரண்டாவதில்தான் தவறவே கூடாது. ஓட்டை இடம் மாறிவிட்டால் பிசின் ஊற்றி அடைக்கலாம். ஆனால் இறுக ஒரு நாள் முழுதாக வேண்டும். நாளைக் காலை ஆடப்போகிறவளிடம் அந்த ஒரு நாள் இல்லை.

சுவாதி கோச் எழுதிய சீட்டை வலக்கையால் நீட்டினாள். விரல் அளவெல்லாம் சரியாக இருந்தது. பந்து எந்தப் புள்ளியை அச்சாக வைத்துச் சுழலும் என்பதற்கு 'பக்கவாட்டில் ஐந்து அங்குலம், மேலே அரை' என்றிருந்தது. எந்தப் பக்கவாட்டில் என்று சீட்டும் சொல்லவில்லை, சென்னப்பனும் கேட்கவில்லை. அவர் மனைவி மாதேஸ்வரி கொடுத்த டீயையும் அவள் வலக்கையால்தான் வாங்கினாள். பிறகென்ன கேள்வி?

"பந்து எப்பிடித் திரும்பணும்? பஸ் ஸ்டாண்டு ஆட்டோ மாதிரி நேராப் போயி டக்குனு வளையணுமா, இல்ல லோடு லாரி மாதிரி முன்னாடியே மெதுவாவா?"

"ஆட்டோதான்."

பந்துக்குள் இருக்கும் கனமான கருவின் தலை எங்கே என்று காட்ட வெளியே ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. அது விரல் ஓட்டைகளுக்கு மேலே வந்தால் ஆட்டோ, கீழே வந்தால் லாரி. மேலே என்று முடிவானது.

"பாலிஷ் கண்ணாடியாட்டம் போட்டுடறேன்."

"வேணாம்ணா. மொத பேட்ச்ல ஆடறேன். ஆடற தரைல பூசுற எண்ணெய் புதுசா இருக்கும். பளபளன்னு இருந்தா வழுக்கிட்டே ஓடிரும். ரெண்டாயிரம் நம்பர் உப்புத்தாள்ல தேச்சு மங்கலாக்குங்க."

தொழிற்சாலையில் இருபது வருஷம் ஒரு கீறலுக்காகத் திட்டு வாங்கிய மனிதர் அவர். புதுப் பந்தைக் கீறச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "ஆயிரத்து ஐநூறு தாள்ல தேச்சு, மேல லேசா பாலிஷ்?" என்று பேரம் பேசிப் பார்த்தார்.

"மண்டிக்காரர் பொண்ணுகிட்டயா? ரெண்டாயிரம்தான்."

பென்சிலால் கோடு போட்டு, பந்தை இறுக்கி, துளைப்பானை நேர் பார்த்தார். முதல் வெட்டுக்கு முன் மெஷினுக்கு எதிரே எலுமிச்சம்பழம் உருட்டுவது பட்டறை வழக்கம். இன்றைக்குக் கொஞ்சம் குறும்பு வந்தது.

"பவுலர் நீங்க நிக்கறப்ப நான் எதுக்கு உருட்டணும்? போடுங்கம்மா."

சுவாதி பழத்தை வாங்கினாள், வலக்கையால். இரண்டடி பின்னால் போனாள். பழம் கை மாறியது. குனிந்து வீசினாள். அது தரையில் வளைந்து ஓடி எண்ணெய் டப்பாவில் டொக்கென்று மோதியது.

வீசியது இடக்கை.

சென்னப்பனின் கை கைப்பிடியில் உறைந்தது. துளைப்பானுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு நகக்கண் இடைவெளி. சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா… எந்தக் கைல ஆடறீங்க?"

"இதுலதான். ஏன்ணா?"

"சீட்டு சோத்துக்கை, டீ சோத்துக்கை, பழம் வாங்கறதும் சோத்துக்கை!"

"இடக்கையால குடுத்தா போணி ஆவாதுன்னு எங்கப்பா சின்னதுலயே முட்டியில போட்டு வளத்தாரு. குடுக்கல் வாங்கல் எல்லாம் இந்தக் கை. ஆட்டம் மட்டும் அந்தக் கை."

சென்னப்பன் பந்தைக் காட்டினார். போட்ட கோடுகள் அத்தனையும் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்கு எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்ப வேண்டும். சுவாதி வாயில் கை வைத்தாள், எந்தக் கை என்று யாரும் பார்க்கவில்லை.

"பதினோரு பந்து போட்ட கையி," என்றாள் மாதேஸ்வரி. "கேக்கத்தான் வாயி இல்ல."

"பென்சில் கோடுதானடி!" அதை அவர் மூன்று தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் குரலில் பாரம் இறங்கியது. துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். கோடு போனது. மறுபடி அளந்தார், இந்த முறை சுவாதியின் இடக்கையைப் பந்தின் மேல் வைக்கச் சொல்லி. மூன்று ஓட்டையும் வெண்ணெயில் போட்டது போல இறங்கின.

பிறகு ரெண்டாயிரம் தாளை எடுத்தார். இத்தனை சந்தோஷமாக ஒரு பளபளப்பை அவர் கெடுத்ததே இல்லை.

சாயங்காலம் பந்தை நீட்டி, "இன்னிக்கு ஒரு நாள் இடக்கையாலயே வாங்கிக்கங்க," என்றார்.

சுவாதி தயங்கினாள். இடக்கை விரல்களை ஓட்டையில் நுழைத்தாள், கையுறை போலப் பொருந்தியது. வலக்கையை அடியில் கொடுத்தாள்.

"இந்தக் கை எங்கப்பாவுக்கு," என்றாள்.