சம்மதம் சொல்ல வேண்டியவர்

சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் பாதி நறுக்கிய வெங்காயம். நடுவில் கையை ஊன்றி நின்றார் ஸ்டூடியோக்காரர். "அந்தத் தையல்காரர் பொண்ணு படத்தத் தூக்கிடு" என்றார். மனைவியின் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் காரணம் என்று அவர் வசதியாக நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் அவருக்குக் குறும்பட விழா நடத்தும் ஆசை பிடித்திருந்தது. 'விழாத் தலைவர்' என்று அட்டை அடித்துக்கொண்டார். வருகிற படங்களைப் பார்ப்பது, ஓடாததைத் திருப்பி அனுப்புவது, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் மனைவி. அட்டையில் அவள் பெயருக்கு இடம் போதவில்லையாம்.

வந்தவற்றில் பாதிப் படங்கள், அலாரம் அடித்துக் கதாநாயகன் எழுவதில் தொடங்கின. மீதியில் அலாரம் அடித்தும் அவன் எழவில்லை. ஒருவர் தன் செருப்பு நடப்பதையே படம் முழுக்கக் காட்டியிருந்தார். இவற்றுக்கு நடுவே தையல்காரர் மகளின் படம்: கடையில் அளவு கொடுக்க வருகிறவர்கள் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்து மனைவி சிரித்ததில் அன்றைக்கு அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது.

காலையில்தான் தையல்காரர் வந்து வாசலில் நின்று மூக்கால் அழுதுவிட்டுப் போயிருந்தார். மகள் படம் எடுக்கிறாள் என்று தெரிந்தால் எவன் கட்டிக்கொள்ள வருவான் என்பது அவர் கவலை. அவருடைய மகனும் ஒரு படம் அனுப்பியிருந்தான், அலாரம் வகை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பொண்ணுங்கன்னா வீட்டுச் சம்மதம் வேணும்னு ஒரு விதி போட்டுடு. ஆனா பொண்ணுங்கன்னு எழுதாத, நம்மள நார் நாராக் கிழிச்சிடுவாங்க. பொதுவா எழுது."

"பொதுவாவே எழுதிடுறேங்க" என்றாள்.

எழுதினாள். நீங்கள் படமெடுத்த நாட்களில் உங்கள் வீட்டில் சமைத்து, துவைத்து, பெருக்கியவர் யாரோ, அவர் தன் வாயாலேயே சம்மதம் சொல்லும் வீடியோவை அனுப்பவும். ஸ்டூடியோக்காரர் 'உங்கள் வீட்டில்' என்பது வரை படித்து, மரியாதையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடியோக்கள் வந்து குவிந்தன. ஒரு அம்மா, "என்ன படம்? பல்பு வாங்கிட்டு வரேன்னு போனவன் ரெண்டு நாள் கழிச்சு வந்தான், பல்பு இல்லாம" என்றாள். செருப்புப் படக்காரரின் மனைவி, அந்தச் செருப்பு வீட்டுக்குள் வந்த வழியைத் துடைத்தது யார் என்று ஏன் காட்டவில்லை எனக் கேட்டாள். ஒரு கதாநாயகனின் அக்கா, அலாரமே கிடையாது, தினமும் தான்தான் எழுப்புவதாகச் சொல்லிச் சம்மதத்தை மறுத்தேவிட்டாள்.

தையல்காரர் மகள், கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு கேமராவைப் பார்த்தாள். "இந்த வீட்டு வேலை மொத்தமும் நாந்தான் செஞ்சேன். என் படத்துக்கு எனக்குச் சம்மதம்." சரியாக அந்த நேரம் பின்னால் தையல்காரர் வந்து, சாப்பாடு ஆச்சா என்று கேட்டது சாட்சியாகப் பதிவானது. அவள் படம் முதலாவதாகத் தேர்வானது. அண்ணன் வீடியோ வரவில்லை. அவன் தங்கையிடம் கேட்டாக வேண்டும். அவளோ யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

தையல்காரர் மறுபடி வாசலுக்கு வந்தார். ஆனால் என்ன புதுமையான விதி என்று ஊரே புகழ்ந்ததையெல்லாம் தலைவர் ஏற்கெனவே வாங்கிப் போட்டுக்கொண்டாயிற்று. இனி மாற்றினால் மானம் போகும்.

போதாததற்கு, தொடக்கப் படம் தலைவர் எடுத்தது. விதி விதிதானே. மனைவியை மேசை முன் உட்காரவைத்து, விளக்கைச் சரிசெய்து, கேமராவை ஓடவிட்டார். "ம், சொல்லு."

"நான் என்னென்ன வேலை செஞ்சேன்னு முதல்ல நீங்க சொல்லுங்க. விட்டுப்போனத நான் சேத்துக்கிறேன்."

"சமையல்..." என்று ஆரம்பித்தவர், அடுத்ததை யோசித்தார். கேமராவின் பேட்டரி தீரும்வரை யோசித்தார்.

விழாவுக்கு வந்ததிலேயே நீளமான படம் அதுதான்.