இரண்டு முகப் பலகைகள்

அடிபட்டு வந்த பெண்கள் தங்கும் எங்கள் விடுதிக் கூடத்தில் மாட்டியிருந்த பலகைகளுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் ஓங்கிய கை, அதன் கீழே ‘அடி வாங்கப் பிறக்கவில்லை’. மறுபக்கம் பச்சை இலைகள், ‘மரம் நடுவோம்’. பணம் தரும் வெளிநாட்டு அமைப்பை எங்கள் தலைவி மேடம் ‘டோனர்’ என்பார். டோனர் வந்தால் பலகைகளில் கை தெரியும். அரசாங்கத்திலிருந்து வந்தால் இலை தெரியும். கோஷம் போடுகிற இடம் என்று அதிகாரிகள் நினைத்துவிட்டால் அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாவிட்டால் டோனர் பணம் வராது.

“அவங்க வந்தா மரம் நடுறோம், இவங்க வந்தா கையை ஓங்குறோம். நம்ம சுவத்துக்கே வெக்கம் வந்துடும்டி” என்பார் சமையல் பார்க்கும் சித்தி. சித்தி என்று எல்லாரும் கூப்பிட்டோம். யாருக்கும் அவர் சித்தி இல்லை.

அக்காவும் நானும் அங்கே ஒளிந்திருந்தோம். அக்காவின் புருஷன் ஒடித்த அவள் மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது. அவர் ஜீப் ஓட்டுவது எங்கள் விடுதிக்கு அனுமதி தரும் அதே அலுவலகத்தில். என் பின்னாலேயே வந்தால் அக்கா கிடைத்துவிடுவாள் என்று என் பள்ளி வாசலில் வந்து நின்றார். அதனால் பள்ளியை விட்டேன். விடுதி எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. வழக்கமாக வரும் அதிகாரிகளை மேடம் கடைத்தெரு வரை போய்த் தன் வண்டியிலேயே கூட்டி வருவார். அவர்கள் ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை.

அன்று காலை மேடம் சொன்னார்: “இன்னைக்கு டோனர் வர்றாங்க. உங்கக்கா பேசட்டும். அவ பேசினா கல்லும் கரையும்.”

தலையாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். காவல்காரர் ஸ்டூல்மேல் ஏறிப் பலகைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். கை உள்ளே போய் இலை வெளியே வந்தது.

“அண்ணே, டோனர்தானே வர்றாங்க?”

“மேடம் திருப்பச் சொன்னாங்க, திருப்பறேன். என்னைக் கேட்டா?”

மேடத்தின் அறைக்கதவு சாத்தியிருந்தது. துடைக்கும் சாக்கில் வராந்தாவில் நின்றேன். உள்ளே போனில் பேச்சு. “ஜீப்லயே நேரா வர்றீங்களா? இல்லைங்க, நானே வந்து… சரிங்க, சரிங்க. டிரைவர் விஷயம் மட்டும்…” அதற்குமேல் குரல் தணிந்தது. பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்குகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

சமையலறைக்கு ஓடினேன். “அக்கா, வர்றது அந்த ஆபீஸ் ஜீப்பு. மேடம் பொய் சொல்றாங்க.”

“உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம். சோறு போடுறவங்களைப் போய்…”

“பலகையைப் பாத்துட்டு வா.”

அவள் போகவில்லை. அதற்குள் வாசலில் ஹாரன். சித்தி கரண்டியைக் கீழே போட்டார். அக்காவை மளிகை அறைக்குள் தள்ளி, கதவின் முன்னால் பெரிய அண்டாவை இழுத்து வைத்தார். “தும்மிடாதேடி, மிளகாய் மூட்டை உள்ளதான் இருக்கு.”

நான் ஜன்னல் ஓரமாகப் பார்த்தேன். ஜீப்பிலிருந்து இறங்கிய டிரைவர் நரைத்த மீசைக்காரர். யாரோ. எனக்கு மூச்சு வந்தது. அதிகாரியம்மா கூடத்தில் உட்கார்ந்து, இலைகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, எங்கே மரம் நட்டீர்கள் என்று கேட்டார். மேடம் கூசாமல் கொல்லைப்பக்கம் கை காட்டினார். அங்கே துணி காயும் கொடி மட்டும்தான் இருந்தது. மீசைக்காரர் வாசலில் நின்று, தெருமுனையையும் எதிர்க் கடையையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் போனதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “அனுமதி தர்றேன்னுட்டாங்க. டோனர் நாளைக்குத்தான். நீங்க பயந்துடுவீங்கன்னுதான் மாத்திச் சொன்னேன். உங்கக்கா புருஷன் வராம நானே பேசி வெச்சுட்டேன், தெரியுமா?”

“என்ன சொன்னீங்க மேடம்?”

“அவர் பேரே எடுக்கலை. நான் என்ன பைத்தியமா? வழக்கமா வர்ற டிரைவர் வேணாம், இன்னொருத்தரை அனுப்புங்கன்னேன். அவ்வளவுதான்.”

“அங்க டிரைவரே ரெண்டு பேர்தான் மேடம்.”

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

“இன்னைக்கு நீ போக வேணாம்னு அவர்கிட்ட சொல்லியிருப்பாங்கள்ல? ஏன்னு அவர் கேட்டிருப்பார்ல? மீசைக்காரருக்கு இப்ப வழியும் தெரியும்.”

சித்தி அண்டாவை நகர்த்தும் சத்தம் கேட்டது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். “நல்லதுன்னு நினைச்சுத்தான்…” என்றார். உண்மையாக இருக்கலாம். வேறொரு நாளாக இருந்தால் நம்பியிருப்பேன்.

நாங்கள் துணிகளை இரண்டு பைகளில் அள்ளிக்கொண்டோம். சித்தி தன் அண்ணி வீட்டுக்கு வழி சொன்னார், என் காதில் மட்டும். மேடம் கொல்லைக் கதவுவரை வந்தார். கண் கலங்கியிருந்தது.

“எங்க போறீங்கன்னாவது சொல்லிட்டுப் போங்கம்மா. டோனர்கிட்ட பேசி ஏதாவது ஏற்பாடு பண்றேன்.”

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை அழுத்தி மிதித்தேன்.

“வடக்க, மேடம். மாமா வீட்டுக்கு” என்றேன். எங்களுக்கு மாமாவே கிடையாது. நாங்கள் போனது தெற்கே.

மேடம் தலையாட்டினார். அவருக்குப் பின்னால், கூடத்தில், காவல்காரர் மறுபடி ஸ்டூலைப் போட்டுக்கொண்டிருந்தார்.