அக்காவின் முயல்

எங்கள் தொழிலில் என் வேலைக்கு முயல் என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் பந்தயத்தில் முதல் ஆளாகப் பாய்ந்து, பின்னால் வருபவருக்கு வேகம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பாதிக்குமேல் கொஞ்சம் தாண்டியதும் புல்தரைப் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். கைதட்டல் பின்னால் வருபவருக்கு. அந்தப் பின்னால் வருபவர் என் அக்கா. ஊருக்குச் சாம்பியன், வீட்டில் மகாராணி. அவள் பையைச் சுமப்பதும் நான்தான். முடிவுப் பலகையில் என் பெயருக்கு நேரே எப்போதும் 'முடிக்கவில்லை' என்றுதான் போடுவார்கள். "படிப்பையும் முடிக்கல, தையல் கிளாஸையும் முடிக்கல, இதையாவது முடிச்சிருக்கலாம்ல?" என்பாள் அம்மா. முடிக்காமல் இருப்பதுதான் வேலையே என்றால் அவளுக்கு ஏறாது.

அக்கா பதக்கங்களால் அலமாரியை நிரப்பினாள். ஆனால் வெளியே தெரியாத ஒன்று உண்டு: அவளுக்கு யாரையும் முந்தத் தெரியாது. என் முதுகைப் பார்த்துக்கொண்டே வருவாள். நான் விலகினால் வழி காலி. மற்றவர்கள் எங்கோ பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் அவள் முழங்கால் மக்கர் பண்ணியது. பயிற்சியில் முழுத் தூரம் ஓடக் கூடாது என்று கோச் சொல்லிவிட்டார். ஆகவே நான் விலகும் இடத்தில் அவளும் விலகுவாள். இருவரும் நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போவோம். மாதக்கணக்கில் இதே கூத்து. உலகப் போட்டிக்கான முதல் தேர்வுப் பந்தயம் வந்தது. வழக்கமான இடத்தில் ஒதுங்கினேன். மகாராணியும் பின்னாலேயே ஒதுங்கி, என் தோளைத் தட்டி, "பாட்டில் எங்கடி?" என்றாள்.

அரங்கமே சிரித்தது. கோச் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த வருடம்வரை அந்த முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்வுப் பந்தயம்; முதலாவதாக வருபவருக்குத்தான் இடம்.

"இந்தத் தடவ நீ விலகாத," என்றார் கோச் என்னிடம். "கடைசி வரைக்கும் ஓடு. கடைசி வளைவுல அவ வெளிப்பக்கமா உன்னை முந்திட்டுப் போகட்டும்."

"அவ்வளவு தூரம் என்னால முடியுமா சார்?"

"முடியாட்டியும் ஓடு."

எனக்கு உள்ளூரக் குஷி. முதல் தடவையாக நானும் முடிவுக் கோட்டைத் தாண்டப்போகிறேன். அம்மாவைக்கூட வரச் சொன்னேன்.

வழக்கமாக விலகும் இடத்தில் கால் தானாக இடது பக்கம் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கடைசிச் சுற்று மணியை ஓடிக்கொண்டே கேட்டது அன்றுதான். நெஞ்சு எரிந்தது, சுகமாகவும் இருந்தது. கடைசி வளைவும் போயிற்று. அக்காவின் மூச்சு மட்டும் என் பிடரியிலேயே இருந்தது.

"வெளிய வந்து முந்துடி!" என்று கத்தினேன்.

"நீ விலகுடி!"

"மாட்டேன்!"

கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா வேலிக்குமேல் எக்கி நின்றுகொண்டிருந்தாள். அப்போது என் விலாவில் ஒரு முழங்கை இறங்கியது. வழியில் ஆள் இருந்தால் என்ன செய்வது என்று மகாராணிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் புல்தரையில் குப்புறக் கிடந்து அவள் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்தேன்.

நடுவர் ஓடி வந்தார். "அவங்க தள்ளினாங்களா? தள்ளியிருந்தா அவங்க ஓட்டம் செல்லாது, நீங்க எழுந்து முடிக்கலாம். நீங்களா விலகியிருந்தா அவ்வளவுதான்."

கோட்டுக்கு அப்பால் அக்கா இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மற்றவர்கள் இன்னும் வளைவில்தான் வந்துகொண்டிருந்தார்கள்; நாலு எட்டு வைத்தால் கோடு.

"நானாதான் விலகினேன் சார்," என்றேன். "முயல் இல்லையா, அதானே என் வேலை."

அவர் எழுதிக்கொண்டு போனார். அக்கா நொண்டிக்கொண்டே வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுதது போதும்," என்றேன். "இன்னைக்குப் பைய நீ தூக்கு."

தூக்கினாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் வைத்து என் விலாவுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அன்று மட்டும் அவள், 'இதையாவது முடிச்சிருக்கலாம்ல?' என்று கேட்கவில்லை.