பம்பு மாற்றிய சனிக்கிழமை

கோதுமை அறுவடைக்கு முன்பே கார் முனக ஆரம்பித்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் பானட்டுக்குள்ளிருந்து கன்று ஈனும் மாட்டின் குரல் வரும். அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றான் நெவில். அறுவடை முடிந்தது. ஆடுகளுக்குக் கம்பளி வெட்டும் கூட்டம் வந்து போனது. கார் முனகிக்கொண்டேதான் இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் கிளீவ் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, பண்ணையின் வெளிக் கேட்டுத் தூணில் நெவில் காரை உரசிவிட்டான். பெட்டியில் கோதுமை ஏற்றிய லாரியையே அந்தத் தூணுக்கு ஒரு சாண் தள்ளி ஓட்டிப் போகிறவன் அவன்.

"ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு, கோரா. திருப்பினா திரும்ப மாட்டேங்குது."

மனைவி கோரலி தூணில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பார்த்தாள். அவள் வேறு சிலவற்றையும் கவனித்திருந்தாள். தேநீர்க் கோப்பையை அவன் இப்போது இரண்டு கைகளாலும் ஏந்துகிறான். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதை விட்டுவிட்டான். பால் கேனை இடது கையில் கொடுத்தால் வலது கைக்கு மாற்றிக்கொள்கிறான். பாத்திரம் கழுவும்போது ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"லிங்கன் டவுனுக்குப் போயி டாக்டர்கிட்ட அந்தக் கையைக் காட்டிட்டு வருவோமா?"

"கைக்கு என்ன? சீக்கு காருக்குத்தான். மொதல்ல ஸ்டியரிங் பம்பை மாத்துவோம். அதுக்கப்புறமும் என்னால திருப்ப முடியலைன்னா, நீ எந்த டாக்டர்கிட்ட கூப்பிட்டாலும் வர்றேன். போதுமா?"

"போதும்."

அன்றிலிருந்து பம்பு கெட்டிருக்க வேண்டும் என்று அவனைவிட அவள்தான் அதிகம் விரும்பினாள். பம்பு என்றால் கழற்றி எறிந்துவிடலாம்.

சனிக்கிழமை காலை எதிர்ப் பண்ணைக்காரன் குர்ட் நோஸ்கே வந்தான். பம்பில் பெல்ட் ஓடும் கப்பியைப் பிடுங்கிப் பொருத்தும் கருவியை ஊர் மெக்கானிக்கிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். ஷெட்டில் காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். மதியம் கிளீவில் ஃபுட்பால். அதற்குள் முடித்தாக வேண்டும்.

குர்ட் சமையலறைக் கதவருகே வந்து தலையை நீட்டினான்.

"கோரா, கிறிஸ்துமஸுக்கு வான்கோழி மேல உருகின கொழுப்பை உறிஞ்சி ஊத்துவியே, ரப்பர் குமிழு வெச்ச குழாய், அது இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சொன்னா குடுக்க மாட்டே."

அவள் கொடுத்தாள். அதைக் கொண்டு ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டியிலிருந்த கறுத்த எண்ணெயை அவன் உறிஞ்சி எடுப்பதை ஷெட் வாசலில் நின்று பார்த்தாள்.

"இந்த வருஷம் உன் வீட்டுலதான் வான்கோழி" என்றாள்.

"எண்ணெய் வாசனையோட சாப்பிட்டா மூட்டு வலி வராது" என்றான் குர்ட்.

பெல்ட்டைக் கழற்றினார்கள். பம்பின் போல்ட்டுகள் கப்பிக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. கப்பியில் உள்ள ஓட்டை வழியாகக் குழல் ஸ்பேனரை விட்டு, தொட்டுப் பார்த்தே கழற்ற வேண்டும். முதல் போல்ட்டை நெவில் பிடித்தான். ஸ்பேனர் நழுவி எஞ்சினுக்கடியில் விழுந்தது. எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

"என்ன கிழவா, முட்டை போடுறியா?"

"உன் விரல்தான் சின்னது. நீயே கழட்டு" என்று நெவில் ஒதுங்கிக்கொண்டான்.

குர்ட்டின் விரல்கள் வாழைப்பழத் தடிமன். அவன் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

பம்பு வெளியே வந்தது. அதன் தண்டைக் குர்ட் விரலால் சுழற்றினான். உள்ளே மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. தண்டு ஆடியது. பின்னாலிருந்து எண்ணெய் கசிந்து மணிக்கட்டில் வழிந்தது.

"செத்துருச்சுடா. அடக்கம் பண்ண வேண்டியதுதான்."

நெவில் திரும்பி மனைவியைப் பார்த்தான். "பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் கோரலி. அவளுக்கு நெஞ்சு லேசானது. வீட்டுக்குப் போய்க் குளிர்ந்த ஆட்டிறைச்சியும் ஊறுகாயும் வைத்து சாண்ட்விச் செய்தாள். வேண்டியதைவிட அதிகமாகவே செய்தாள்.

அவள் திரும்பி வந்தபோது பழைய கப்பியைப் புதுப் பம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுத்தியலால் தட்டினால் என்ன என்று நெவில் கேட்டான்.

"தட்டினா அஞ்சு நிமிஷத்துல முடியும். நாளைக்கு இதுவும் மாடு மாதிரி கத்தும்" என்ற குர்ட் கருவியின் திருகைப் பொறுமையாக முறுக்கினான்.

பம்பைப் பொருத்தி, குழாய்களை மாட்டி, புது எண்ணெய் ஊற்றினார்கள். இனி உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சினைப் போடாமல், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நெவில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். குர்ட் தொட்டிக்கு மேல் குனிந்து குமிழிகளைப் பார்த்தான்.

"திருப்பு. நல்லா கோடி வரைக்கும். ஏன் பாதியிலயே நிக்குறே?"

"கனமா இருக்கு."

"எஞ்சின் ஓடலைல்ல. அப்படித்தான் இருக்கும்."

கோரலி ஜன்னலருகே நின்றிருந்தாள். வலது கைதான் திருப்பியது. இடது கை ஸ்டியரிங் வளையத்தின் மேல் யாரோ எடுத்து வைத்ததுபோல் கிடந்தது. வளையம் மேலே வரும்போதெல்லாம் அவன் இடது மணிக்கட்டை உள்ளே கொக்கிபோல் மாட்டி இழுத்தான். சனிக்கிழமை காலையில் பழகியதல்ல அது. வெகுநாள் பழக்கமாகத் தெரிந்தது.

குமிழிகள் அடங்கின. எஞ்சினைப் போட்டார்கள். முனகல் இல்லை. குர்ட் காரை இறக்கினான்.

"இப்பத் திருப்பு."

சக்கரங்கள் சிமெண்ட் தரையில் மெல்லத் திரும்பின. நெவிலின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இன்னும் கனமாத்தான் இருக்கு" என்றான்.

குர்ட் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒற்றை விரலால் வளையத்தைத் தள்ளினான். அது வழுக்கிக்கொண்டு சுழன்றது. சூடுபட்டவன்போல் விரலை எடுத்துக்கொண்டான்.

"அது வந்து... உள்ள இன்னும் கொஞ்சம் காத்து இருக்கும். ரெண்டு மூணு நாள் ஓட்டினா போயிடும். எனக்கும் கொஞ்சம் கனமாத்தான் தெரியுது."

நல்ல பொய். கோரலி அதற்கு ஒரு 'ஆமாம்' மட்டும் சேர்த்தால் போதும். இரண்டு மூன்று நாள் என்பது ஒரு வாரமாகும். பிறகு விதைப்பு வந்துவிடும். விதைப்புக் காலத்தில் யாரும் டாக்டரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நெவில் இறங்கினான். "கோரா, நீ உக்காந்து பாரு."

அவள் உட்கார்ந்தாள். கஷ்டப்படுவதுபோல் நடிக்கலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் வளையம் அவள் உள்ளங்கைக்கடியில் முழுச் சுற்று போய்விட்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

குர்ட் அவளைப் பார்க்காமல் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு, நெவ்."

ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடத்தது. நெவில் தன் இடது கையை முகத்துக்கு நேரே பிடித்து விரித்தான், மூடினான். கடைசி இரண்டு விரல்களும் மற்ற விரல்களோடு சேர்ந்து மூடவில்லை.

"குர்ட், நீ ஏன் சீட்டாட்டத்துல எப்பவும் தோக்குறேன்னு இப்பத்தான் தெரியுது. பொய் சொல்ற மூஞ்சியாடா அது?"

"என் மூஞ்சியைப் பத்திப் பேசாதே. நீ கண்ணாடியே பாக்குறதில்லை" என்றான் குர்ட்.

"பம்பு நல்ல பம்பு. நல்லாப் போட்டிருக்கே" என்றான் நெவில்.

குர்ட் சாண்ட்விச்சைக் கையில் எடுத்துக்கொண்டே தன் வண்டியில் கிளம்பினான். மகன் பின்வரிசையில் ஆடுகிறான், ஆரம்பத்திலேயே இருக்க வேண்டும் என்றான். அவன் மகன் தூரத்து அடிலெய்டில் வேலை பார்ப்பது மூவருக்கும் தெரியும்.

கோரலி ஆட்டத்துக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, வழக்கப்படி காரின் இடது கதவுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே நெவில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை வலது கையால் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். வயலில் டிராக்டர் ஓட்டியிருக்கிறாள், அறுவடையில் லாரி ஓட்டியிருக்கிறாள். அவன் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் காரை ஓட்டியதில்லை.

வெளிக் கேட்டில் நிறுத்தினாள். அவள் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது.

"எங்க போறே?" என்றான் நெவில். "ஓட்டுறவங்க எறங்கக் கூடாது. பக்கத்துல இருக்கிறவங்கதான் கேட்டைத் திறக்கணும்."

கல்யாணமான புதிதில் அவளுக்கு அவன் சொன்ன சட்டம் அது. மழையிலும் புழுதிக் காற்றிலும் வயிற்றில் பிள்ளையோடும் அவள்தான் இறங்கித் திறந்திருக்கிறாள்.

அவன் இறங்கிப் போனான். கேட்டைப் பூட்டும் சங்கிலியின் ஒரு வளையத்தை நெம்பி, தூணில் அடித்த ஆணியின் தலையிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு இரண்டு கைகள் வேண்டும். இடது கை சங்கிலியை இழுத்துப் பிடிக்கவில்லை. நழுவியது. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது. கோரலி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கிப் போனால் நொடியில் திறந்துவிடலாம். அவள் இறங்கவில்லை. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவன் சங்கிலியை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கி, வலது கையால் வளையத்தைக் கழற்றினான். கேட்டை இடுப்பால் தள்ளித் திறந்து, அவள் நிற்பதைப்போலவே கீழ்க் கம்பியில் ஒரு காலை வைத்து நின்றான். கார் பெயிண்ட் ஒட்டியிருந்த தூணைத் தள்ளி அவள் ஓட்டிப் போனாள். கண்ணாடியில் அவன் கேட்டை மூடுவது தெரிந்தது. அதற்கும் நேரமானது.

மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினான்.

"சனியன் பிடிச்ச சங்கிலி. இத்தனை வருஷமா எப்படித்தான் திறந்தே?"

"மாத்தச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கேன்!"

"கேட்டே."

மண் சாலையிலிருந்து தார்ச் சாலைக்குத் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் அறுத்த கோதுமைத் தாள்கள் வெளுத்துக் கிடந்தன.

"லிங்கன்ல அந்த டாக்டர் திங்கக்கிழமை இருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்ப திங்கக்கிழமை போவோம்." கொஞ்ச தூரம் போனபின் கேட்டான்: "மைதானத்துல எங்க நிறுத்தப் போறே?"

மைதானத்தைச் சுற்றி எல்லாரும் காரை உள்பக்கம் பார்க்க நிறுத்தி, காரிலிருந்தே ஆட்டம் பார்ப்பார்கள். எந்தக் கதவிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"எப்பவும் நிறுத்துற இடத்துலதான். கோல் கம்பத்துக்குப் பக்கத்துல."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

அவன் யோசித்தான். இடது கையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் வலது கையை வைத்துக்கொண்டான்.

"சரி. ஆனா நம்மாளுங்க கோல் போட்டா ஹாரனை நான்தான் அடிப்பேன்" என்றான். "இப்பவே சொல்லிட்டேன்."