டூப்ளிகேட் பூ

வாசலில் அவள் பிள்ளையைப்போல் வளர்த்த மந்தாரை, முதன்முதலாக ஒரே ஒரு பூ விட்டிருந்தது. வெள்ளைப் பூ, ஓர் இதழில் பூச்சி கடித்த ஓட்டை. மற்றதெல்லாம் மொட்டு. அந்தச் சந்தோஷத்தோடுதான் தையல்கடைக்கு வேலைக்குப் போனாள்.

மாலையில் திரும்பினால், கிளை முழுக்க ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பூக்கள். கம்பியை இறுக்கி முறுக்கியதில் மொட்டுகள் நசுங்கித் தொங்கின.

"நாளைக்கு எங்க மேனேஜர் வராரு. மொட்டை மரத்தையா காட்டுறது?" என்று பல்லிளித்தான் கணவன்.

"கண்ணை எங்க வச்சிருந்தீங்க? அத்தனையும் மொட்டு!"

மறுநாள் வந்த மேனேஜர், "அடடா, என்ன பூ!" என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெள்ளைப் பூவைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"இது மட்டும் மத்த பூவோட ஒட்டவே இல்லையே. டூப்ளிகேட்டா?"

"ஆமா சார், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று குழைந்தபடி கணவன் அதைக் கிள்ளி எறிந்தான். காம்பில் ஈரம் கசிந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சட்டையைத் தைத்தவளும் அவள்தான்.

"டூப்ளிகேட் அந்தப் பூ இல்ல சார்" என்றாள். "பக்கத்துல நிக்கிறாரே, இவருதான்."