தானாக வந்த வலி

என் மூத்தவள் ஆன் மேரிக்கு வலி வரவில்லை, வரவழைத்தார்கள். நாள் தள்ளிப்போய்விட்டது என்று காரைக்குடி ஆஸ்பத்திரியில் கையில் டிரிப் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வலி பிடித்தது பாருங்கள், மூச்சுவிட இடைவெளி கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லித்தருகிற டீச்சர் நான், வாசலில் நின்ற புருஷனை அவர் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டினேன். வார்டு முழுக்கக் கேட்டதாம். என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸ் அதில் நாலைந்து வசவுகளை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவார்.

அது தொண்ணூற்று மூன்றில். தொண்ணூற்றாறு அக்டோபரில் இரண்டாவது. தலைப்பிரசவத்துக்குத்தான் அம்மா வீடு, இது புகுந்த வீட்டுப் பொறுப்பு என்று புதுவயலிலேயே இருந்தேன். பார்த்துக்கொள்ள என் நாத்தனார் சூசைமேரி வந்திருந்தார். நாலு பெற்றவர். நாலும் தானாக வலி எடுத்துப் பிறந்தவை. அதைச் சொல்லாமல் அவருக்கு ஒருவேளைச் சோறு இறங்காது.

"சில பேரு உடம்புக்குத் தானா வலி எடுக்கத் தெரியாது அனிதா. அதுக்கு என்ன செய்ய முடியும்? டாக்டரம்மா சொன்ன மாதிரி திங்கக்கிழமை போயி டிரிப்பப் போட்டுக்குவம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அதென்ன, ஊரில் எல்லார் உடம்புக்கும் தெரிந்தது என் உடம்புக்கு மட்டும் தெரியாதா? திங்கட்கிழமைக்குள் வலி வந்துவிட வேண்டும். டிரிப் பயம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். ஒரு வாரமாக வீட்டுக்கும் கோயிலுக்குமாக நடந்தேன். வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் வயிற்றைப் பார்த்து "இன்னும் வல்லையா?" என்று கேட்டார்கள்.

ஞாயிறு காலைப் பூசையிலேயே இடுப்பு லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டது. ரொம்ப நேரம் நின்றதால் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானமும் இருந்தது. சூசைமேரி சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்.

"பொய் வலின்னா இதுல நின்னுரும். நெச வலின்னா கூடும்."

குடித்துவிட்டுச் சாய்ந்தேன். நின்றேவிட்டது. "பாத்தியா, சூட்டு வலிதான்" என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

சாயங்காலம் ஆறரைக்கு ஜெபமாலை. அக்டோபர் மாதாவுக்கான மாதம், ஒருநாள் தவறக் கூடாது. ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் ஒரு தேவ இரகசியம்; ஒவ்வொன்றுக்கும் மாலையில் பத்து மணி உருட்ட வேண்டும். மணிக்கு ஒரு மந்திரம். சூசைமேரி முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். நாங்கள் என்றால் நானும் ஆன் மேரியும்தான். ஃபெலிக்ஸ் அரிசி மில்லில் பாய்லர் பார்க்கிறவர். வெக்கையில் நின்றுவிட்டு வந்து, இரண்டாவது மணியிலேயே கண்ணை மூடிவிடுவார். அது பக்தி என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள்.

முதல் இரகசியத்தின் நடுவில் என் குரல் நின்றது. முதுகில் தொடங்கி அடிவயிறு வரை ஒரு இறுக்கு. நாற்காலிக் கையைப் பிடித்தேன். அது ஏறி, நின்று, இறங்கிப் போய்விட்டது. போனபிறகு ஒன்றுமே இல்லை. இரண்டாவதிலும் அதேபோல நின்றேன். சூசைமேரி முறைத்தார். மூன்றாவதில் வாய்விட்டே அதட்டினார்.

"மந்திரத்தப் பாதியில முழுங்காத அனிதா. மாதா கேட்டுக்கிட்டு இருக்காக."

நாலாவதிலும் நின்றேன். ஃபெலிக்ஸ் கண்ணைத் திறந்தார்.

"அக்கா, நிப்பாட்டு. பத்து மணிக்கு ஒரு தடவ இவ பேச்சு நிக்கிது."

"தூங்குறவனுக்கு எப்படிடா தெரியும்?"

"மில்லுல பாய்லர் சத்தம் நின்னா முழிச்சுருவேன்ல, அது மாதிரிதான். இன்னைக்கி நாலு தடவ முழிச்சுட்டேன்."

எனக்கே நம்பிக்கையில்லை. "இதெல்லாம் வலியாங்க? நடுவுல நல்லாத்தான இருக்கேன்? போன தடவ இப்படியா இருந்துச்சு?"

"அதான!" என்றார் சூசைமேரி. "அன்னைக்கி ஆஸ்பத்திரி இடிஞ்சுச்சு. இன்னைக்கி இவ யாரையும் திட்டக்கூட இல்ல."

சொல்லிக்கொண்டே மணிகளைத் தடவியவர் கை நாலாவது பத்தில் நின்றது. முகம் மாறிவிட்டது.

"ஆத்தாடி. எனக்கெல்லாம் இப்படி விட்டு விட்டுத்தான வந்துச்சு. ஆட்டோவக் கூப்பிடுடா!"

ஆன் மேரியைப் பக்கத்து வீட்டு உமையாளிடம் விட்டுவிட்டு, தூறலில் சோமுவின் ஆட்டோவில் ஏறினோம். ஜெபத்தைப் பாதியில் விடக் கூடாதென்று சூசைமேரி ஐந்தாவது இரகசியத்தை ஆரம்பித்தார். கோட்டையூர் தாண்டுவதற்குள் மூன்று மணிக்கு ஒரு தடவை என் குரல் நின்றது. "மாதா பொறுத்துக்குவாக" என்று ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

நர்ஸ் மீனம்மாளுக்கு என்னை மறக்கவில்லை. எப்படி மறக்கும்? "நாளைக்குத்தான டிரிப்புக்கு வரச் சொன்னாக?" என்று கேட்டபடியே பரிசோதித்தவர் சிரித்துவிட்டார். "டிரிப் எதுக்கு? தல வந்து நிக்கிது தாயி."

வலி குறைச்சல் என்று பொய் சொல்லமாட்டேன். கட்டில் கம்பி வளையாததுதான் பாக்கி. ஆனால் ஒவ்வொன்றும் போகும்போது எனக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துவிட்டுப் போனது. முக்கால் மணி நேரத்தில் மகன் பிறந்தான்.

ஃபெலிக்ஸ் உள்ளே வந்தார். "ஒரு வசவுகூட விழல. உள்ள இருக்கிறது நீதானான்னு சந்தேகமாப் போச்சு." கேட்டதற்குக் குறை வைக்காமல் ஒரு வசவு கொடுத்தேன். திருப்தியாக ஸ்டூலில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

மீனம்மாள் கேஸ் தாளோடு வந்தார். "வலி எப்ப ஆரம்பிச்சுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. சூசைமேரி முந்திக்கொண்டார். "காலம்பற பூசையிலயே. நாந்தான் கஷாயத்தக் குடுத்துச் சூட்டு வலின்னுட்டேன். நல்லா எழுதிக்கங்க நர்சம்மா, அவளுக்குத் தானா வந்துச்சு. தானாவே வந்துச்சு."

பிறகு இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். "நாலு மணி பாக்கி இருக்கு. படுத்துக்கிட்டே சொல்லு."

அவர் முன்பாதியைச் சொன்னார். நான் பின்பாதியைத் தொடங்கினேன். தானாகவே வந்தது என்று அவர் வாயால் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதி மந்திரத்தில் குரல் நின்றது. சூசைமேரி அதட்டவில்லை. அந்த மணியைப் பிடித்தபடியே காத்திருந்தார்.

ஸ்டூலில் ஃபெலிக்ஸ்தான் பதறி முழித்துக்கொண்டார்.